கடைசி அத்தியாயத்துக்கு ரப்பர் வளையம்

1. எங்கள் அலுவலகப் பொறியாளரான வெள்ளைக்காரத் துரை, ஈயச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் பழைய போர்களை விளையாடுபவர்.
2. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், ஒரு சனிக்கிழமை, நானிங் போரை அடுக்கினார். நானிங், மலாக்காவுக்கு வடக்கே கிழக்கிந்தியக் கும்பெனிப் படை பிடித்த ஊர்.
3. மலாய்க்காரர் பக்கம் ஆட டைப்பிஸ்ட் உட்கார்ந்தார்.
4. டைப்பிஸ்ட் ஜெயித்தார்.

அவர் மலாக்காவின் காஜா பெராங்கில் தலைமுறைகளாக வாழும் தமிழ் வழிச் செட்டிப் பெண். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கெபாயாச் சட்டை, காதில் செருகிய பென்சில். பேச்செல்லாம் மலாயில்தான்; துரையையும் 'துவான்' என்றுதான் கூப்பிடுவார். துரையிடம் போர்ப் புத்தகம் இரவல் வாங்கினால், முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தை ரப்பர் வளையம் போட்டு மூடிவிடுவார்.

"புத்தகத்துல மலாய்க்காரங்க தோக்கறாங்க. மாத்தி வை," என்றார் துரை.

"புத்தகத்துல தோத்தாச்சு துவான். மேசையில தோக்கல."

"திங்கட்கிழமை வேலைக்கு வர வேணாமா?"

"வருவேன். துவான் தோத்த கதைய டைப் அடிச்சுத் தரேன்."

ஒரு பொம்மையையும் அவர் நகர்த்தவில்லை.

படிக்கட்டில் கேட்டேன்: "அக்கா, நானும் ஆட எதப் படிக்கணும்?"

"படைக்கணக்குக்கு ரெஜிமெண்ட் வரலாறு. மழைக்கும் சேத்துக்கும் அதிகாரிங்க டைரி. முடிவுக்கு ஒண்ணும் வேணாம்லா."

திங்கட்கிழமை வந்தார். அந்த வாரமே அவரைப் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி அத்தியாயத்தை அவர் ஒருமுறையாவது படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

துரை ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்ற நானிங் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. அக்கா போட்ட பழைய வளையம் இற்றுப்போய்விட்டது. புதியது போட்டிருக்கிறேன்.