லிண்டா எழுதாத காரணம்

எர்மெலிண்டா என்று மாதா கோயிலில் பெயர் வைத்தார்கள். ஊருக்கு அவள் லிண்டா. பனாய்த் தீவின் தெற்குக் கரையில் ஒரு பாலர் பள்ளியில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கஞ்சி ஊற்றி, தூங்கவைத்து, நாற்பது வயதைத் தாண்டிவிட்டவள். இனிமேல் பட்டம் இல்லாதவர்களுக்கு அந்த வேலை இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதால், சனிக்கிழமைதோறும் ஜீப்னி என்கிற சிறு பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போய்வந்தாள்.

அவள் கணவன் நார்சிசோ இறந்த வருடம் அது. நல்ல மனுஷன். படகுகளுக்கு இயந்திரம் பழுதுபார்ப்பான், ஞாயிறு பூசைக்குக் கிதார் வாசிப்பான். ஒரு காலை கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தவன் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர்.

ஆனால் அதே வீட்டில் இருந்த நார்சிசோவின் தாய் பிரிகிதா வேறு சொன்னாள். தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னாள்.

"என் பிள்ளையக் கொன்னது இவதான். சமையக்காரி செத்த வீட்டுக்குப் போயிட்டு நேரா இங்க வந்தா. வழியில எங்கயும் ஒதுங்கல, ஒரு பன்னு வாங்கித் திங்கல. செத்தவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா!"

சாவு வீட்டிலிருந்து யாரும் அங்கே நேரே வீடு திரும்புவதில்லை. பெட்டிக்கடையிலோ சந்தையிலோ கொஞ்சம் நின்று உதறிவிட்டுத்தான் வாசல் மிதிப்பார்கள். இல்லாவிட்டால் போனவர் பின்னாலேயே வந்து வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். லிண்டாவுக்கும் அது தெரியும். பள்ளிச் சமையல்காரியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய அன்றைக்குக் கொட்டுகொட்டென்று மழை. ட்ரைசைக்கிள்காரன் கடைகளில் நிறுத்தாமல் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான். அவளும் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நார்சிசோ போய்விட்டான்.

அத்தை சொன்னதை லிண்டா நம்பினாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். இது பாவமே இல்லை மகளே என்றார் அவர். சரி என்று எழுந்து வந்தாள். ஆனாலும் நற்கருணை வாங்க முன்னே போகக் கால் வரவில்லை, கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகையும் வரவில்லை. செபமாலை உருட்டுகிற விரல் மட்டும் தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஆங்கில வகுப்பில் பலோமார் டீச்சர் காரணம்–விளைவுக் கட்டுரை எழுதச் சொன்னார். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எடுங்கள், அது எதனால் வந்தது, அதனால் என்ன வந்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள், அம்பு நடுவில் அறுந்துபோகக் கூடாது என்றார்.

முதலில் எழுதிய தாளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படிக்க வேண்டும். லிண்டாவுக்குப் பக்கத்தில் மீன்சந்தைக்காரி கிறிஸ்டெல். வாய் ஓயாதவள். மூத்த பெண்களை அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல லிண்டாவை மனாங், அதாவது அக்கா, என்பாள்.

"மனாங், முதல்ல என்னுதப் படிங்க. 'நான் ஏன் மெலியவில்லை.' காரணம் ஒண்ணு, பால் டீ. காரணம் ரெண்டு, என் மாமியார் பொரிக்கிற பன்னி. விளைவு, இந்த நாற்காலி கிறீச்சுங்குது."

"நாற்காலி பழசு, பிள்ளே."

"பாத்தீங்களா, நீங்க ஒருத்தர்தான் என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க. குடுங்க உங்களுத." தாளை வாங்கி உரக்கவே படித்தாள். "'நான் சாவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். அதனால் என் கணவர் இறந்தார்...'"

சட்டென்று தாளை மேசைமேல் கவிழ்த்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யோ மனாங். எனக்குத் தெரியாது. சத்தமாப் படிச்சுட்டேனே."

"பரவால்ல. எழுத்துப் பிழை இருக்கா பாரு."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரிதான், அவரும் சாவு வீட்டிலிருந்து நேரே வருகிறவர் இல்லை. அதனால் சிரிக்கவில்லை. பென்சிலால் அந்த அம்புக்குறியை மட்டும் வட்டமிட்டார்.

"ஒண்ணுக்குப் பின்னால வந்ததெல்லாம் அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது, மனாங். ஜீப்னி கிளம்புது, மழை வருது. ஜீப்னியாலயா மழை? அந்த நாளுகளுக்குள்ள வீட்டுல வேற என்னென்ன நடந்துச்சு? யோசிச்சு எழுதிட்டு வாங்க."

திங்கட்கிழமை, பாலர் பள்ளியில் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை அவள் பாவாடை நுனியைப் பிடித்தபடியே தூங்கியது. அசையாமல் உட்கார்ந்து லிண்டா யோசித்தாள். வேறு என்ன நடந்தது? மழை பெய்தது. படகு ஒன்று வந்தது. நார்சிசோ சாப்பிட்டான், தூங்கினான், கழுத்துப் பிடரி வலிக்கிறது என்றான்.

பிறகு மாத்திரை ஞாபகம் வந்தது. அடக்கம் முடிந்து அலமாரியைத் துடைத்தபோது நார்சிசோவின் பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்தாள், சுகாதார நிலையத்தில் திருப்பிக் கொடுத்தாள். அப்போது மனதில் ஒன்றும் ஓடவில்லை.

இப்போது ஓடியது. பிடரி வலிக்கு முன்னால் மாத்திரை நிறுத்தம். மாத்திரை நிறுத்தத்துக்கு முன்னால்? அதுவும் அவளுக்குத் தெரியும். அடுப்பில் தினமும் முள்சீத்தா இலை கொதித்தது. "அந்த மாத்திரை கிட்னியத் தின்னுடும்டா, இதக் குடி" என்று காலையும் மாலையும் கோப்பையை நீட்டியது பிரிகிதாதான். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை, குடித்தான்.

ஆக, நான் கொல்லவில்லை. லிண்டா அதை மனதுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பாரம் இறங்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. மரத்துப்போன காலில் கிள்ளியதுபோல, கிள்ளியது தெரிந்தது, வலி தெரியவில்லை. மணியடித்ததும் பிள்ளைகளை எழுப்பி முகம் கழுவிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கட்டுரையைக் கொடுத்தாள். சாவு வீட்டுக் கதையை எடுத்துவிட்டிருந்தாள். மாத்திரை நின்றது, ரத்த அழுத்தம் ஏறியது, பிடரி வலித்தது, உயிர் போனது. டீச்சர் படித்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு, மனாங். ஆனா முதல் அம்பக் காணோமே. ஏன் மாத்திரைய நிறுத்தினாரு?"

லிண்டா தோள்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"தெரியலையா?"

"தெரியும், மேடம்."

"அப்ப எழுதுங்க. ஒரே ஒரு பத்தி. ஒண்ணே முக்கால் தரலாம். இப்படியே விட்டா மூணுதான் போட முடியும்."

அங்கே ஒன்று என்பது முதல் தரம். மூன்று என்றால் விழாமல் தப்பித்தது.

"மூணு போதும், மேடம்."

"எழுதினா யாரு படிக்கப் போறா? நான் மட்டும்தானே."

"எழுதுறவ நான்தானே, மேடம். அப்புறம் அதே வீட்டுலதான் நான் சோறாக்கணும்."

டீச்சர் பேனாவை எடுத்து மூன்று போட்டார்.

வீட்டில் பிரிகிதா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக மருமகளிடம் வேண்டியதற்கு மேல் பேசாதவள், அன்று கேட்டாள்.

"பாஸா?"

"பாஸ், அத்தை."

"என் மகன் செத்ததத்தான் எழுதினியாமே. மீன் விக்கிறவ சந்தையில சொன்னா. எதனாலன்னு எழுதின?"

"மாத்திரைய நிறுத்தினதாலன்னு."

கிழவியின் கை நின்றது. "ஏன் நிறுத்தினான்னு?"

"அத எழுதல."

"டீச்சரு கேக்கலையா?"

"கேட்டாங்க."

பிரிகிதா மறுபடி உருவ ஆரம்பித்தாள். காம்பு சட்டிக்குள் விழுந்தது, கீரை தரையில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. லிண்டா எதிரே உட்கார்ந்து சட்டியிலிருந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"சாவு வீட்டுலேர்ந்து நேரா வரக்கூடாதுதான்," என்றாள் கிழவி, தலையைத் தூக்காமல்.

"வரக்கூடாதுதான், அத்தை," என்றாள் லிண்டா.