சாட்சி அக்காவின் வாத்து

பார்சல் வந்துவிட்டால் சாட்சி அக்கா கத்தரியைத் தேடமாட்டாள், ஆளைத் தேடுவாள். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் இஞ்ச் டேப்போடு இறங்கி வந்து, பெட்டியில் எந்த மூலை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அதுவரை கூரியர்காரர் அசையக் கூடாது. இன்னும் பத்து வீடு பாக்கி என்று அவர் கெஞ்சினால், "பெட்டி வந்த மாதிரியே இருக்கணும். நீயும் வந்த மாதிரியே நில்லு" என்பாள். பெட்டிக்கு ஆறு பக்கம்தான். அக்கா நாற்பது படம் எடுப்பாள்.

செடிக்கடை நடத்துகிறவள். மூக்குடைந்து வந்த பூவாளி, விளிம்பு பெயர்ந்து வந்த தொட்டி எல்லாவற்றுக்கும் எழுதியெழுதியே நஷ்டஈடு வாங்கியிருக்கிறாள். இதுவரை ஒன்றில்கூடத் தோற்றதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் அந்தக் கடிதங்களின் ஃபைல்தான் மடியில் விழும்.

அவள் வீட்டுக்காரருக்கு உடைந்த எதையும் ஒட்டிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். ஆனால் அவர் ஒட்டிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி அக்கா தும்மியதும் இரண்டாகிவிட்டது. "உங்க பசை உங்க விரல்ல மட்டும்தான் ஒட்டும்" என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் கடை வாசலில் வைக்க வரவழைத்த பீங்கான் வாத்து, தலை வேறு உடம்பு வேறாக வந்து சேர்ந்தது. கூரியர் கம்பெனி அதிகாரி நேரில் பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. இருபது நாள் வாத்து சோபாவில் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தரையில் இருந்தார்கள்.

அதிகாரி வருகிற அன்று காலையில் அக்கா தையல்காரரைக் கூப்பிட மாடிக்குப் போனாள். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. இறங்கி வந்தால், மேஜைமேல் முழு வாத்து.

"வெளியாள் வர்ற நேரத்துல கழுத்தில்லாம கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார். நாற்பது படத்தையும் பார்த்தார், வாத்தையும் பார்த்தார். படத்தில் இருப்பது இதே வாத்துதானா என்பது அவர் சந்தேகம். "ஒட்டின இடத்தைக் காட்டுங்கம்மா, இன்னிக்கே நஷ்டஈடு எழுதிடறேன். இல்லேன்னா உங்க கையெழுத்தை வாங்கிட்டு இந்தப் புகாரை மூட வேண்டியதுதான்."

தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிற கண்ணோடு தேடினார், கிடைக்கவில்லை. ஒட்டியவரே திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்கும் கிடைக்கவில்லை.

"எனக்கே தெரியல" என்றார், முகமெல்லாம் பல்லாக.

அக்கா வாத்தை வாங்கி மெதுவாகக் கழுத்தைத் தடவினாள். அலகுக்கு நேர் கீழே மயிரிழை அளவு மேடு கட்டைவிரலில் தட்டியது. வீட்டுக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியல தம்பி" என்றாள். கட்டைவிரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமலே, மற்றக் கையை நீட்டிக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள்.