மாப்பிள்ளையை நிற்க வைத்தவன்

விமானங்களை ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது திருச்சி விமான நிலையத்தில் என் வேலை. ரேடாரெல்லாம் அப்போது எங்களுக்கு ஏது? எந்த ஊருக்கு மேலே, எந்த உயரத்தில் வருகிறேன் என்று விமானி ரேடியோவில் சொல்வார், குறித்துக்கொள்வோம். ஒரே பாதையில் இரண்டு வந்தால் ஒன்றை ஆயிரம் அடி மேலே ஏற்றுவோம். ஒரே உயரமென்றால் நடுவே பத்து நிமிடம் விடுவோம். அதற்கும் வழியில்லையென்றால் ஒன்றை ஓரமாக வட்டமடிக்கச் சொல்வோம். கடந்துவிட்டேன் என்று முதல் விமானி வாயால் சொல்ல வேண்டும். அவர் பேசாமலிருந்தால், இன்னும் அங்கேயே இருக்கிறார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சி நிக்காஹ்வுக்கு லீவில் திண்டுக்கல் வந்திருந்தேன். அன்றைக்கே எங்கள் பேகம்பூர்ப் பகுதியிலேயே இன்னொரு கல்யாணம். அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தோல் வியாபாரத்தில் பழைய பகை. இரண்டு ஊர்வலமும் குறுகலான பள்ளிவாசல் தெரு வழியாகத்தான், எதிரெதிராக, வந்தாக வேண்டும். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் எந்த மாப்பிள்ளையின் குதிரையும் பின்னால் போகாது. போனால் குடும்ப மானம் போச்சு. அடிதடி வரும், நிக்காஹ் நின்றுவிடும். தங்கச்சிக்குச் சோறே இறங்கவில்லை.

"நீ வானத்துலயே ஒதுக்கி விடுறவனாச்சே" என்று, பெற்ற உரிமையில் அத்தா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஒரு குதிரைக்கு மேலே இன்னொரு குதிரையை ஏற்ற முடியாது என்பதால், வரவேற்பு இன்னும் தயாராகவில்லை என்று சாக்குச் சொல்லி எங்கள் மாப்பிள்ளையைக் குளக்கரையிலேயே நிறுத்தச் சொன்னேன். தம்பியைச் சைக்கிளோடு பள்ளிவாசல் தெரு முனைக்கு அனுப்பினேன். அவர்கள் கடந்ததும் அவன் வந்து சொல்ல வேண்டும். பிறகு அம்மாவின் அண்ணன், எங்கள் மாமு, குளக்கரைக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்து வருவார். தெருவைப் பார்க்க முடியாத பின்சந்தில் எங்கள் வீடு. மாடியில் நின்று நானும் மாமுவும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

மாலை நேர அசர் தொழுகை முடிந்ததும் அவர்களுடைய பேண்டு கிளம்பியது. சத்தம் நெருங்கி வந்து, சட்டென்று நின்றது.

"பந்தலுக்குள்ள போயிட்டாங்க. நம்மாளுகள வரச் சொல்றேன்" என்று மாமு படியை நோக்கி நடந்தார்.

"தம்பி வரட்டும் மாமு."

"அதான் சத்தமே இல்லையேப்பா. மாப்பிள்ளைய எம்புட்டு நேரம் வெயில்ல நிக்க வைப்ப? சம்பந்தி கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

கீழே தங்கச்சியைப் பெண்கள் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் படியை மறித்துக்கொண்டு நின்றேன். மாமு என்னைத் திட்டாத திட்டில்லை.

திட்டி முடிப்பதற்குள் பேண்டு மறுபடியும் முழங்கியது, முன்னைவிடப் பக்கத்தில். பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியத்தை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். மாமுவுக்குத் தெரியாததா? கல்யாணப் பதற்றத்தில் மறந்துவிட்டார். சொல்லப்போனால் எனக்கும் அது ஞாபகம் வரவில்லை. வேலையில் பழகியதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மாமு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி வந்தான்.

"போயிட்டாங்கண்ணே."

"எல்லாருமா?"

"கடைசி ஆளு வரைக்கும்."

படியை விட்டு விலகினேன்.

மாப்பிள்ளை வந்து இறங்கியதும் சம்பந்தி என்னைப் பார்த்துச் சபையிலேயே கேட்டார்: "எம்மகன நாதியத்தவன் மாதிரி குளக்கரையில நிக்க வச்சிட்டியே, நல்லாருக்காப்பா?"

நான் தலை குனிந்து நின்றேன். காரணத்தைச் சொல்ல முடியாது. எதிரி போவதற்காகத் தன் மகன் காத்திருந்தான் என்று தெரிந்தால் அந்த நிமிடமே மகனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். மாமு சம்பந்தியைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நிக்காஹ் நடந்தது.

அதன்பின் சம்பந்தி என்னோடு பேசியதே இல்லை. பெருநாளுக்குப் பெருநாள் தங்கச்சி மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் விலகி வழி விடுவேன்.