தவில் மார்க் நைலான் சேலை

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு. கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் நன்றாகப் படித்தவர்கள். இரண்டாம் வகுப்போடு நின்றது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டே வேலை பார்த்த கொட்டகைச் செட்டு முழுவதையும் ஆண்டிருக்கிறேன். ஆண்ட லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி காவ்யா எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் டி.வி.யில் தீபாவளி விளம்பரம் ஒன்று ஓடியது. விருதுநகருக்கு மகன் வீட்டோடு வந்த பிறகு டி.வி. பார்ப்பதும் பூண்டு உரிப்பதும்தான் எனக்கு வேலை. விளம்பரத்தில் ஒரு பெண், மினுமினு என்று ஒரு சேலை, முந்தானை தரையில் புரள்கிறது. குனிந்து பூவாணத்தைக் கொளுத்துகிறாள். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். காவ்யா பாட்டு நன்றாயிருக்கிறது என்றாள். மருமகள் அந்தக் கலரில் தனக்கும் ஒரு சேலை வேண்டும் என்றாள். மகன், பூவாணம் இம்புட்டு உயரமெல்லாம் போகாது, சும்மா ஏமாத்து என்றான். எனக்கு அந்த முந்தானையைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. "எடுத்துச் சொருகு தாயி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கடைசியில் படத்துக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் எழுத்து வரிசை ஓடியது. என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டேன். "தளர்வான ஆடைகளைத் தவிர்க்கவும்" என்று காவ்யா வாசித்தாள்.

தவிர்க்கவும். அந்தச் சொல்லைக் கேட்டதும் மைதாப் பசை வாசம் மூக்கில் ஏறிவிட்டது.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கே பேக்கிங் செட்டில் எனக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. காலையில் கிண்டின பசை மதியத்துக்குள் புளித்துப்போய், பழைய கஞ்சியும் மயில்துத்தமும் கலந்த ஒரு வாசம் வரும். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கை கழுவினாலும் சோற்றில் அது இருக்கும். அதைக் கூடப் பழகிக்கொண்டோம். லேபிளில் இருக்கிற எழுத்து எங்களுக்கு வேண்டியதில்லை. சிரிக்கிற பாப்பா, கொண்டை போட்டவள், கோவக்காரக் கிளி என்று நாங்களே பேர் வைத்துக்கொள்வோம். "கோவக்காரக் கிளி ரெண்டு கட்டு குடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒட்டி அடுக்கின பெட்டிகளைப் போர்மேன் அண்ணாச்சி வந்து பார்ப்பார். எண்ணிக்கை சரியென்றால் சாக்பீசால் சாய்த்து ஒரு கோடு. லேபிள், கட்டு எல்லாம் பார்த்து முடித்தபிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் குறுக்கே விழுந்தால் அதற்குக் கத்திரி என்று பேர். கத்திரி விழுந்த பெட்டி பாஸ், லோடு ஏற்றலாம். ஒற்றைக் கோட்டோடு நிற்கிற பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. சாயங்காலம் கத்திரி விழுகிற சத்தத்துக்காகக் காத்துக் கிடப்போம். அது விழுந்தால்தான் வீடு.

ஒரு நாள் காலையில், செருப்பைக் கழற்றிப் போடுகிற இடத்துச் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. இரண்டு பெண்கள். ஒருத்தி நூல் சேலை கட்டி, கொண்டையை இறுக்கி, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு, அடியில் சின்ன வால். இன்னொருத்தி நைலான் சேலையில் காலண்டர்ப் படம் மாதிரி சிரிக்கிறாள். காலண்டர் வரைகிற கைதான் இதையும் வரைந்திருக்க வேண்டும். அழகாக இல்லாமல் ஒரு பெண்ணை வரைய அந்தக் கைக்கு வராது. அவள் மேலே சிவப்பில் பெரிதாக ஒரு கத்திரி.

"எந்தக் கடை விளம்பரம்த்தா இது?" என்று மூக்கம்மா மதினி கேட்டாள். செட்டிலேயே மூத்தவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பட்டாளத்துக் கடிதம், எது வந்தாலும் என்னிடம்தான் வரும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சிரிக்கிறவளுக்குக் கீழே இருந்ததைக் கூட்டினேன். நைலான். சேலை. பிறகு த, வி. அதற்கு மேல் கண் வாசிக்கவில்லை, வாய் வாசித்துவிட்டது.

"தவில் மார்க் நைலான் சேலை" என்றேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் கிளிக்கும் பாப்பாவுக்கும் மார்க் இருக்கும்போது தவிலுக்கு இருக்கக் கூடாதா. மேலே கத்திரி வேறு விழுந்திருக்கிறது.

"அப்ப நைலான் கட்டிட்டு வரலாமாக்கா?" என்று சூசையம்மா கேட்டாள். எனக்கு அடுத்த பலகையில் உட்காருகிறவள். அவள் புருசன் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தார். அவள் வேலைக்கு வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அவள் தங்கை மதுரையில் நர்ஸ். நீலத்தில் ஒரு நைலான் சேலை எடுத்து அனுப்பியிருந்தாள். கோயிலுக்குக் கட்டினாலே, புருசன் படுத்துக் கிடக்க இவளுக்கு மினுக்கலைப் பார் என்பார்கள் என்று பெட்டியிலேயே வைத்திருந்தாள்.

"பாஸுன்னு படம் போட்டே மாட்டிருக்கான். கட்டிட்டு வா" என்றேன், பெரிய மனுசியாக.

மறுநாள் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே போர்மேன் மறித்தார்.

"கலியாண வீட்டுக்கா வந்திருக்க? படம் போட்டு எழுதி மாட்டிருக்கு, அதையும் மீறி வந்து நிக்கிறன்னா என்ன திமிரு. போ. இனிமே வேலைக்கு வர வேண்டாம்."

சூசையம்மா என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. இந்த அக்காதான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை போகாது. சொல்லவில்லை. தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், அவ்வளவுதான். பேசாமல் நின்றால் என் பேர் மிஞ்சும். அவள் வீட்டு அடுப்பு அணையும். பொய் சொல்லவில்லை, முதலில் என் பேரைத்தான் நினைத்தேன்.

பிறகு சொன்னேன். "அண்ணாச்சி, அவ மேல தப்பு இல்ல. நாந்தான் வாசிச்சுச் சொன்னேன்."

"என்னன்னு வாசிச்ச?"

"தவில் மார்க் நைலான் சேலைன்னு."

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்றாள். போர்மேன் சிரிக்கவில்லை. "அது தவிர்ப்பீர். கட்டாதீகன்னு அர்த்தம். நைலான் உரசுனா பொறி தட்டும். மருந்து இருக்கிற எடத்துல பொறி தட்டுனா என்னாகும்?"

எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் பறந்துவிட்டது. "கட்டாதீகன்னா கட்டாதீகன்னு எழுத வேண்டியதுதானே. எங்க வீட்டுல யாரு தவிர்ப்பீருன்னு பேசுறாக? அதும் போக, கத்திரி யாரு மேல போட்டிருக்கு?"

"கத்திரியா?" என்றார். நான் படித்த இரண்டு வகுப்பிலும் டீச்சர் தப்புக்குக் குறி போட்டதில்லை. தலையில் குட்டுத்தான் போடுவார். அதனால் தப்புக்கு ஒரு குறி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அவர் சட்டைப் பையிலிருந்த சாக்பீசை எடுத்துச் சுவரில் இரண்டு கோடு இழுத்தார். "இது என்ன?"

இருபது பேரும் ஒரே குரலில், "லோடு ஏத்தலாம்" என்றோம்.

அந்த மனிதர் முகம் வெளுத்தது அப்போதுதான். சாக்பீசையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே மருந்துக் கட்டிடத்திலும் அதே படத்தை மாட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடையைக் கூட வைக்காமல் ஓடினார். நல்லவேளை, அங்கே யாரிடமும் நைலான் சேலை இல்லை.

திரும்பி வந்து மூக்கம்மா மதினியிடம் கேட்டார். "அப்ப எப்படித்தான் மதினி போடச் சொல்றீக?"

"அவ முந்தானையில தீயப் போட்டு விடுங்க அண்ணாச்சி. தீய யாரும் பாஸுன்னு வாசிக்க மாட்டாக."

சிவப்பு மையை எடுத்து அவரே வரைந்தார். தீ மாதிரி இல்லை, செம்பருத்தி மாதிரி இருந்தது. ஆனாலும் விளங்கியது. சூசையம்மாவை உள்ளே விட்டார்; அவள் என் பையிலிருந்த மாற்று நூல் சேலையைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எந்த அறிவிப்பு வந்தாலும் போர்மேன் வாசித்துக் காட்டிவிட்டு, எங்களில் ஒருத்தியை எழுப்பி, "என்ன வெளங்குச்சு, திருப்பிச் சொல்லு" என்பார். நானும் வீட்டில் ஆறு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன்.

அன்று மத்தியானமே பசை போடும்போது சூசையம்மா மெதுவாகக் கேட்டாள். "தவிலக்கா, மேளம் எப்ப?"

அன்றைக்கு விழுந்த பேர். சந்தையில், பஸ்ஸில், என் மகள் கல்யாணப் பந்தலில் கூடத் தவிலக்காதான். சூசையம்மா கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கோடு வந்து, "தவிலக்கா, வாயத் தொற" என்பாள். ஆரம்பத்தில் சுருக்கென்றிருக்கும். பிறகு வேறு பேரில் கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

இப்போது பெட்டியில் சாக்பீஸ் இல்லை. கறுப்புக் கோடு கோடாக ஒரு சீட்டு ஒட்டுகிறார்களாம். ஒரு கருவி கீக்கென்று வாசித்துவிடுமாம். அதைத் தப்பாக வாசிக்க ஆள் கிடையாது. போர்மேன் இல்லை, மூக்கம்மா மதினி இல்லை. சூசையம்மாவும் போன வருசம் போய்ச் சேர்ந்தாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பாடு, பேச்சுக்குப் பேத்தி. இந்த வீட்டில் எனக்கு அம்மா, அத்தை, அப்பத்தா என்று பேர் மூன்று இருக்கிறது. அந்த நாலாவது பேரைச் சொல்லத்தான் ஆளில்லை.

சரி, காவ்யா. எழுதினது போதும், முதலிலிருந்து வாசி. தவிலக்கா வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி தாயி.