நூறு கிராம் தாடி

தராசைக் கண்டுவிட்டால் போதும், ஆல்வின் குபேனா பூட்ஸைக் கழற்றிவிடுவார். தீவனக் கடையா, ஆஸ்பத்திரி வராந்தாவா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தங்கை மகள் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டுக் குளியலறைக்குள் போனவர் வெறுங்காலோடு வெளியே வந்து, "உங்க தராசு ரெண்டு பவுண்டு கூடக் காட்டுது" என்று சம்பந்தியிடமே சொன்னார். மகள் மார்லீனாவுக்கு அப்போது ஒன்பது வயது. மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு.

டெக்சாஸின் அந்தப் பக்கத்தில் ஆல்வினை எல்லோருக்கும் தெரியும். பண்ணை வீடுகளுக்கு லாரியில் எரிவாயு கொண்டுபோய் நிரப்புவது வேலை. மார்பு வரை தொங்கும் வெள்ளைத் தாடி. டிசம்பர் வந்தால் மாதா கோவிலில் அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. மற்ற மாதங்களில் மாலையானால் பழைய பருத்தி ஆலைக் கொட்டகையில் இரும்பு தூக்குவார். உடம்பை இறுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொடுக்கும் விசேஷச் சட்டையெல்லாம் கிடையாது. இடுப்பில் ஒரு பெல்ட், கையில் சுண்ணாம்புத்தூள், அவ்வளவுதான்.

அறுபது வயதுக்கு மேல், எழுபத்துநாலு கிலோ வரை எடையுள்ள, அந்தச் சட்டை போடாதவர்களுக்கான பிரிவில், தரையிலிருந்து இரும்புப் பாரை இழுத்து நிமிரும் டெட்லிஃப்டில் உலக சாதனை இருநூற்று நாற்பது கிலோ. அதை வைத்திருந்தவர் ஓக்லஹோமாவில் ஆடு வளர்க்கும் ஓடெல் ப்ரூயிட். அதன்மேல் ஓர் அரைக் கிலோ ஏற்றி இழுத்துவிட வேண்டும் என்பதுதான் ஆல்வினின் ஆசை.

மார்லீனா அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். வேதியியல் பட்டத்தோடு திரும்பி வந்தபோது ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"வயசுக்கு ஒரு தடுப்பு, எடைக்கு ஒரு தடுப்பு, சட்டைக்கு ஒரு தடுப்பு. இத்தனை தடுப்புப் போட்டா ஆளுக்கு ஒரு உலக சாதனை கிடைச்சிடாதாப்பா?"

"மாட்டுச் சந்தையில கன்னுக்குட்டியையும் காளையையும் ஒரே தடுப்புக்குள்ளயா விடறான்? போய் உக்காரு, பட்டதாரி."

பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்டது அறிவா, அப்பாவைப் பற்றித் தோழிகளிடம் சொல்லக் கூசிய பழைய கூச்சமா என்று அவளுக்கே அன்று தெரியவில்லை. அந்த நவம்பரில் வேக்கோ நகரில் நடந்த போட்டிக்கு அவருக்கு உதவியாளாகப் போனாள்.

காலை எடை பார்க்கும் அறையில் ஆல்வின் தராசில் ஏறினார். எழுபத்துநாலுக்கு மேல் நூறு கிராம். அடுத்ததான எண்பத்துமூன்று கிலோப் பிரிவுக்குப் போனால் அங்கே சாதனை வேறு உயரத்தில் இருந்தது. அவர் கனவில்கூட அதை இழுக்க முடியாது. எடை பார்க்கும் நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம். முதல்நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. எச்சில் எடையாவது குறையட்டும் என்று மிட்டாயைச் சப்பிச் சப்பிக் கோப்பையில் துப்பினார். துப்ப எச்சிலும் வரவில்லை.

"அப்பா, தாடி" என்றாள் மார்லீனா.

"கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?"

"தாத்தாவும் உலக சாதனைக்குப் போனார்னு சொல்லு."

கத்திரிக்கு எங்கே போவது? அடுத்த பெஞ்சில், எடை பார்த்து முடித்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஓடெல் எழுந்தார். வெளியே போய், தன் வண்டியிலிருந்து ஆட்டு ரோமம் மழிக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்.

"உக்காருடா கிழவா."

"இதையா? ஆட்டு நாத்தம் அடிக்குதேடா!"

"உனக்கு முன்னாடி உக்காந்தது உன்னைவிட அழகா இருந்துச்சு. ஆடாத. காது போனா அதையும் எடையில கழிச்சுக்கலாம்."

தாடி விழுந்தது, மீசை விழுந்தது, தலையும் மொட்டையானது. சந்தைக்குக் கிளம்பிய செம்மறி மாதிரி எழுந்துபோய்த் தராசில் நின்றார் ஆல்வின். சரியாக எழுபத்துநாலு. வாசலில் காத்திருந்த மனைவி டோரீன், "முப்பத்தெட்டு வருஷமா இந்த மோவாயையா மூடி வச்சிருந்தே? நல்ல வேலை செஞ்சே" என்றாள்.

மத்தியானம் மூன்றாவது முயற்சியில் ஆல்வின் இருநூற்று நாற்பதரை கேட்டார். காசு அளவுத் தகடுகளை இரு பக்கமும் மாட்டினார்கள். பார் முழங்காலருகே வந்து யோசித்தது. மொட்டைத் தலை தக்காளி நிறமானது. பிறகு நிமிர்ந்துவிட்டார். மூன்று நடுவர்களும் செல்லும் என்று வெள்ளை விளக்கு போட்டார்கள்.

ஆனால் கூடுதல் எடை கேட்டவர் பின்னால் வருவார். ஓடெல் கேட்டிருந்தது இருநூற்று நாற்பத்தொன்று. அவர் இழுத்துவிட்டால் ஆல்வினின் உலக சாதனைக்கு ஆயுசு ஒரு நிமிஷம். மார்லீனா கண்ணை மூடிக்கொண்டு, அந்த மனிதர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்திலிருந்து யாரோ தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. "இழுடா ஓடெல்! இழு, இழு, இழு!" கண்ணைத் திறந்தால், கத்துவது அவள் அப்பா.

பார் முழங்காலைத் தாண்டியது. வலது கை விரல்கள் பிரிந்தன. இரும்பு தடாரென்று விழுந்தது.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவள் ஓடெலிடம் போய்க் கேட்டாள். "நீங்க சும்மா வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருந்திருந்தா சாதனை உங்களோடதாவே இருந்திருக்குமே?"

"தராசு அவனை ஜெயிச்சிருந்தா நான் யார்கிட்டப் போய்ப் பீத்திக்கிறது?" என்றார். பிறகு ஆல்வினைப் பார்த்து, "நீ எனக்கு ஒரு மொட்டை பாக்கி, ஞாபகம் வச்சுக்க" என்றார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பஞ்சுத் தாடி. அதைப் பிடித்து இழுத்த பிள்ளைகளுக்கு இரும்புக் கதையைச் சொல்லிச் சமாளித்தார். அடுத்த நவம்பரிலேயே புது மெஷின் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எடை பார்க்கும் அறை வாசலில் போய் நின்றார் ஆல்வின். உள்ளேயிருந்து ஓடெல் வந்தார். தலைமுடி கழுத்தைத் தொட்டது.

"எவ்வளவுடா?"

"எழுபத்துமூணரை."

அதற்கடுத்த வருஷம் இன்னும் குறைவு. முடி தோள்வரை. ராத்திரி பட்டினி கிடந்து வருகிறாராம், ஓடெலின் மனைவி போனில் சொல்லிச் சிரித்தாள்.

"ஒரு தடவையாவது கொஞ்சம் எடை கூடி வாயேன்டா" என்று ஆல்வின் கெஞ்சினார். "தீர்த்துட்டுப் போறேன்."

"எதுக்கு? நீ எனக்குக் கடன்காரனா இருக்கிறது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூந்தலை ரப்பர் பேண்டில் அள்ளி முடிந்துகொண்டு, ஓடெல் இரும்பை நோக்கி நடந்தார்.