சாட்சித் தகட்டில் சந்தனம்

அதிர்வுச் சோதனையில் எங்கள் கருவி உடையாமல் தப்பினால் மலையேறி மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எஞ்சினியர் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். வருடக்கணக்கான உழைப்பை இரும்பு மேசையில் முடுக்கி, ராக்கெட் உதறுகிற மாதிரி உதறும்போது, படித்ததெல்லாம் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

துருவங்களுக்கு மேலாகச் சுற்றப்போகும் புதிய வானிலைச் செயற்கைக்கோளுக்கான கருவி அது. பழையது மேகங்களைப் படம் பிடிப்பதோடு சரி. இது காற்றின் ஒவ்வொரு அடுக்கிலும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆடி, பூமியைப் பார்த்தபடி. அதில் தூசு படிந்தால் அளவு தப்பும். வங்கக் கடல் புயலின் கணக்கும் தப்பும். அந்த ஆடியைப் பொருத்தியவன் நான்.

கருவி தப்பியது. மொட்டை போட்டேன். மறுநாள் காலை தலை எரிகிறது என்றதும் மனைவி சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டாள். அப்படியே வேலைக்குப் போனேன். திருப்பதியில் சந்தன மொட்டையை யார் இரண்டாம் முறை பார்க்கிறார்கள்? தூசு புகாத கிளீன் ரூமுக்கான வெள்ளை அங்கியை மாட்டி, தலைமூடியை இழுத்துவிட்டு, ஆடியின் உறையைக் கழற்றிக் கடைசித் திருகுகளைச் சரிபார்த்தேன். நடுவில் நெற்றி அரித்தது. சொறிந்தேன்.

மதியம், கருவியைப் பெட்டியில் வைக்குமுன், தூய்மைக்குப் பொறுப்பான புத்தூர்ப் பெண் பக்கத்திலிருந்த சாட்சித் தகட்டை எடுத்தாள். கருவிமேல் என்ன விழுந்தாலும் அதன்மேலும் விழும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நிமிரவே இல்லை.

"மஞ்சளா இன்னாவோ கீதுண்ணா."

"பெயின்ட்டா இருக்கும்மா."

அந்த அறையில் பெயின்ட்டே கிடையாது.

விபூதி, குங்குமம், பவுடர், பூ கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவன் நானே. பட்டியலில் சந்தனம் இல்லையே என்று மனதுக்குள் எனக்காக வாதாடினேன். நீதிபதியும் நான்தான், அப்படியும் தோற்றேன். வெளியே லாரி வந்து நின்றிருந்தது. கருவி போய்விட்டால் செயற்கைக்கோளில் பொருத்திவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், மேலே போய் அது உளறும்வரை யாருக்கும் தெரியாது.

"அது என் தலைதாம்மா. சந்தனம்."

தலைமூடியை விலக்கிக் காட்டப் போனேன்.

"கைய எடுண்ணா! இன்னும் எவ்ளோ கொட்டலாம்னு கீறே? அப்படியே வெளிய போ!"

சன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் விளக்குகளை அணைத்து, ஊதா விளக்கைச் சாய்த்து ஆடிமேல் அடித்தாள். தூசு இருந்தால் மின்னும். வேண்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. கொடுக்கத்தான் முடி இல்லை. மீசை இருந்தது. அதையும் பேரத்தில் வைத்தேன்.

இன்டர்காம் கரகரத்தது. "ஓரத்துல ஒண்ணு கீது."

அவள் நைட்ரஜனை ஊதினாள். மறுபடி விளக்கு.

"போய்ட்ச்சு. ஆனா கண்ணால பாத்து அனுப்ப முடியாதுண்ணா. மறுபடி அளக்கணும். லாரிய அனுப்பிடு."

லாரிக்காரர் என் தலையைப் பார்த்துக் கும்பிட்டு, தரிசனம் நன்றாக ஆனதா என்று தெலுங்கில் கேட்டார். ஆனது என்றேன்.

இரண்டு நாள் அளந்தார்கள். எண்கள் பழைய எண்களோடு பொருந்தின. உறையை மூட என்னை உள்ளே விடவில்லை. சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இன்னொருவர் திருகை முடுக்க முடுக்க, என் விரல்களும் காற்றில் முடுக்கிக்கொண்டிருந்தன.