ஒன்பது குழி

மாடியில் தச்சர் அளவு டேப்பை விடுகிறார். சர்ரென்று சுருண்டு உள்ளே ஓடி, கடைசியில் ஒரு டக். அந்த டக் என்னைத் திண்டிவனத்து வீட்டிலிருந்து தூக்கிப் போய், போன பங்குனியின் ஒரு மதியத்தில், பொம்மையார்பாளையத்துக் கடலோர விடுதியின் பச்சைக் கம்பளப் புல்மேல் நிறுத்துகிறது.

என் மருமகளுக்கு, அதாவது அக்கா மகளுக்கு, அங்கே வரவேற்பில் வேலை. "புதுசா கோல்ஃப் போட்டிருக்காங்க மாமா, குட்டியா, வந்து பாருங்க" என்று போனில் கூப்பிட்டாள். போனேன். வேப்பமர நிழலில் அக்கா உட்கார்ந்திருந்தாள், விழுப்புரத்திலிருந்து வந்து. மகள் அவளையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் வருவதைச் சொல்லவில்லை.

நாங்கள் பேசி அப்போது மூன்று வருஷம். காணை ஊருக்குப் பக்கத்தில் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுவந்த நிலத்தைப் பிரித்தபோது, அவள் பங்கில் எட்டுக் குழி கூடிவிட்டதாக எனக்குப் பட்டது. எங்கள் பக்கம் நிலத்துக்குக் குழிதான் கணக்கு, நூறு குழி ஒரு காணி. எல்லைக் கல் நட்டு முடித்த பிறகு, நாலு பேர் எதிரில், பையிலிருந்து என் டேப்பை எடுத்தேன். "இன்னொரு தடவ அளந்துக்கலாம்." அக்கா மறுமுனையைப் பிடித்தாள். அளவு சரியாகவே இருந்தது. அவள் கையை விட்டாள். முனை சர்ரென்று என் காலடிக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

"பேசாமக்கூட ஆடலாம்" என்று மருமகள் ஆளுக்கொரு மட்டையைக் கொடுத்தாள்.

வாசல் பலகையை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஒம்போது குழியா? எண்ணிப் பாத்துக்கச் சொல்லுடி ஒங்க மாமன. கொறைஞ்சிடப் போவுது."

"எண்ணிட்டேன்னு சொல்லும்மா" என்றேன்.

ஆடுகளத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய புதுச்சேரி. வெள்ளைக் கலங்கரை விளக்கம், மஞ்சள் மதில்கள், மணிக்கூண்டு, இரட்டைக் கோபுரத் தேவாலயம். தெருக்களில் மனிதர்கள் இல்லை, பந்துகள் மட்டும். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு களைக்கொட்டு பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்தாள். முதல் அடியிலேயே பந்து மதிலைத் தாண்டி அடுத்த தெருவில் விழுந்தது. நாலாவது குழியில் என் பந்து தேவாலயத்துக்குள் போய் வெளியே வரவே இல்லை. "பாவமன்னிப்பு கேக்குது போல" என்றாள், மகளைப் பார்த்து. காற்று அவள் சிரிப்பைப் பாதி எடுத்துக்கொண்டு போனது. மீதிப் பாதி எனக்குப் போதுமா? போதவில்லை.

ஒன்பதாவது குழி ஒரு மண்டபத்தடியில். இரண்டு பந்தும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, குழிக்குக் கிட்டவே நின்றுவிட்டன.

"எது தூரமோ அவங்கதான் மொதல்ல அடிக்கணும்" என்றாள் மருமகள். "இருங்க, டேப்பு எடுத்தாறேன்."

"அளக்காத."

"ரூல்ஸ் மாமா."

"வேணாம்மா. அக்கா எது தூரம்னு சொல்லுதோ அதான்."

அக்கா குனிந்து இரண்டு பந்தையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நாலு விரல்கடையாவது என்னுடையதுதான் தூரம். அது எனக்கே தெரிந்தது.

"என்னுதுதான் தூரம்" என்றாள். என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அடித்தாள். பந்து டொக்கென்று உள்ளே விழுந்தது.

"அன்னிக்கி நான் டேப்ப எடுத்திருக்கக் கூடாதுக்கா."

"பந்த அடிடா."

அடித்தேன். குழியைச் சுற்றிக்கொண்டு எங்கோ போனது.

வெயில் தாழ, புதுச்சேரி பஸ் நிலையம். விழுப்புரம் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. திண்டிவனம் வண்டி இன்னும் வரவில்லை. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம மல்லாட்டை புடுங்குறோம். வர்றியா?"

"வர்றேன்க்கா."

வண்டி நகர்ந்தது. அவள் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சொன்னாள்.

"டேப்ப மட்டும் எடுத்துக்கினு வராத."